இரத்தம் கொடுக்க முதல்: புரொஸ்டேட் பற்றி வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மனைவிமாரும் பிள்ளைகளும் எழுதியவை. வருத்தம் உள்ள ஆண்கள் எழுதியவை சிலதான், அவையும் பெயர் போட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன். அதனால் எல்லாக் கடிதங்களிலும் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

கனடாவில் இருக்கும் என் தமையனுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். ‘நீயும் பிஎஸ்ஏ எடுத்துப் பார்’ என்று ஒவ்வொரு நாளும் போனில் சொல்கிறார். எனக்கு 57 வயது, ஒரு குறையும் இல்லை. தினமும் வேலைக்குச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். எடுக்கத்தான் வேண்டுமா?
— கொக்குவில்

தமையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தகப்பனுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்த முறை பேசும்போது இரண்டு விசயம் கேளுங்கள். அவருக்கு எத்தனை வயதில் பிடிபட்டது? தாய்வழியிலோ தகப்பன்வழியிலோ யாருக்காவது மார்புப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ இருந்ததா? பிஆர்சிஏ2 என்ற பரம்பரை அலகில் பிழை இருந்தால் பெண்களுக்கு அந்தப் புற்றுநோய்களும் ஆண்களுக்குப் புரொஸ்டேட் புற்றுநோயும் இளவயதிலேயே, வீரியமாக வரலாம்.

அதற்காக இன்றைக்கே ஓடிப்போய் இரத்தம் கொடுக்க வேண்டாம். பிஎஸ்ஏ என்பது புரொஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். சுரப்பி வீங்கினாலும், அதில் கிருமி தொற்றினாலும், சலம் அடைத்தாலும், புற்றுநோய் வந்தாலும் இரத்தத்தில் அதன் அளவு கூடும். அளவு கூடிய ஆண்களில் நான்கில் மூவருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. மறுபக்கம், அளவு சாதாரணமாக உள்ளவர்களிலும் ஏழில் ஒருவருக்கு அளவில் புற்றுநோய்க் கலங்கள் இருக்கலாம். ஆகவே அந்த இலக்கம் தீர்ப்பு அல்ல, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று சொல்லும் ஒரு குறிப்பு.

இதில் கிடைக்கும் நன்மை எவ்வளவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1993இல் தொடங்கி எட்டு ஐரோப்பிய நாடுகளில் 160,000க்கு மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வின் 23 வருட முடிவு 2025இல் வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் புரொஸ்டேட் புற்றுநோயால் இறப்பது 13 வீதம் குறைந்தது. 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது. அந்த ஒருவரைக் காப்பாற்றும்போது மேலதிகமாகப் பன்னிரண்டு பேருக்குப் புற்றுநோய் என்று பெயர் சூட்டப்படுகிறது. அவர்களில் பலருக்கு அந்த நோய் வாழ்நாளில் ஒரு தொந்தரவும் தந்திருக்காது. நன்மை உண்மையானது, விலையும் உண்மையானது. 55 முதல் 69 வயது வரை வைத்தியருடன் பேசி அவரவர் முடிவெடுக்கலாம் என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்வதும் இதனால்தான். குடும்பத்தில் நோய் உள்ளவர்கள் இந்தப் பேச்சை இன்னும் முந்தியே, 45 வயதளவில், தொடங்குவது நல்லது. உங்கள் நிலையில் எடுப்பதே சரி என்பது எங்கள் எண்ணம். ஆனால் இலக்கம் கூடி வந்தால் அடுத்த படிக்கு, அதாவது எம்ஆர்ஐக்கோ ஊசியால் துண்டெடுத்துச் சோதிக்கும் பயொப்சிக்கோ, போகத் தயாரா என்பதை இரத்தம் கொடுக்க முதலே வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

எடுப்பதென்றால் ஒழுங்காக எடுங்கள். இரத்தம் கொடுக்க முதல் 48 மணித்தியாலம் சைக்கிள் வேண்டாம், பஸ்ஸில் போங்கள். அந்த இரண்டு நாளும் உடலுறவு, விந்து வெளியேற்றம் கூடாது. சலத்தில் கிருமித் தொற்று வந்திருந்தாலோ சலக்குழாய் போட்டிருந்தாலோ ஆறு கிழமை கழியட்டும். வெறும் வயிறு தேவையில்லை. துண்டில் இலக்கத்துடன் அலகும் (நனோகிராம்/மில்லிலீற்றர்) ஆய்வுகூடத்தின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள், அடுத்த முறையும் அதே ஆய்வுகூடத்தில் எடுங்கள். 1க்குக் கீழே என்றால் சில வருடம் பொறுத்துப் பார்க்கலாம். 1க்கும் 3க்கும் இடையில் என்றால், உங்கள் குடும்ப நிலைக்கு, ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 3ஐத் தாண்டினால் பதறாமல் நாலு முதல் எட்டுக் கிழமைக்குள் மீண்டும் எடுங்கள். பல பேருக்கு இரண்டாம் முறை தானாகவே இறங்கிவிடும்.

என் கணவருக்கு 63. இரவில் நாலு தரம் எழும்புகிறார், சலம் இழுத்து இழுத்துப் போகிறது. ‘வயது போனால் எல்லாருக்கும் உள்ளதுதான்’ என்று டொக்டரிடம் வர மறுக்கிறார். இது புற்றுநோயா?
— பருத்தித்துறை

பெரும்பாலும் இல்லை. சலப்பைக்குக் கீழே, சலம் வெளியேறும் பாதையைச் சுற்றிப் புரொஸ்டேட் சுரப்பி இருக்கிறது. இளவயதில் அதன் கனவளவு ஏறக்குறைய 20 மில்லிலீற்றர். வயதோடு அதன் நடுப்பகுதி பருத்துப் பாதையை நெருக்கும்போதுதான் நீங்கள் எழுதியதெல்லாம் நடக்கும். புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில், பாதைக்குத் தள்ளித் தொடங்குகிறது. அதனால்தான் ஆரம்பத்தில் அது எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. சலம் நன்றாகப் போகிறவருக்கும் அது இருக்கலாம், கஷ்டப்படுகிறவருக்கு இல்லாமலும் இருக்கலாம். இந்த இடத்தில்தான் எங்கள் ஊரில் பலர் பிழைவிடுகிறார்கள்: ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லை’ என்பதை ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

‘வயதுதான்’ என்று விடவும் கூடாது. மூன்று நாளைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு சலம் போனார். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் கோப்பை போதும். இரவு ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகப் போனால் சலப்பையிலோ புரொஸ்டேட்டிலோ பிரச்சினை. ஒவ்வொரு முறையும் நிறையப் போனால் சீனி வருத்தம், இரவுத் தேத்தண்ணி, பின்னேரம் எடுக்கும் பிரஷர் குளிசை, கால் வீக்கம் இவற்றையும் பார்க்க வேண்டும். வைத்தியருக்கு அந்தக் கொப்பி ஒரு ஸ்கானுக்குச் சமமாக உதவும்.

தடிமனுக்குக் கடையில் வாங்கும் குளிசைகளைக் கவனியுங்கள். மூக்கடைப்பு மருந்தும் தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்தும் ஏற்கெனவே இறுகிய பாதையை முற்றாக அடைத்துவிடக்கூடும். அடிவயிறு வீங்கி வலித்துச் சலம் ஒரு துளியும் போகாவிட்டால் விடியும் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சலப் பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசின் குளிசை தந்தால் படுக்கப்போகும் நேரம் எடுத்து, எழும்பும்போது கட்டிலில் கொஞ்சம் இருந்து எழும்பச் சொல்லுங்கள், தலை சுற்றும். கண்புரை ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்தால் இந்தக் குளிசை எடுப்பதைக் கண் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நிறுத்திவிட்டிருந்தாலும் சொல்லுங்கள், சத்திரசிகிச்சையின்போது கண்மணியைச் சுற்றியுள்ள திரை தளர்ந்து சிக்கல் தரும்.

அவரைக் கூட்டிப்போக ஒரு வழி: சீனி, பிரஷர் கிளினிக்குக்குப் போகிறவரென்றால் அதே நாளில் அந்தக் கொப்பியை நீங்களே வைத்தியரின் மேசையில் வையுங்கள். கேள்வி வைத்தியரிடமிருந்து வந்தால் பதில் சொல்லிவிடுவார்.

சலத்தில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, படுத்தாலும் ஆறாத நாரி நோ, இடுப்பு எலும்பு நோ: இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்த வேண்டாம்.

பின்பக்கம் விரல் விட்டுப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போகாமல் இருக்கிறேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அது இல்லாமல் முடியாதா?
— மானிப்பாய், வயது 60

முடியும். குறை ஒன்றும் இல்லாமல் பரிசோதனைக்கு மட்டும் போகிறவருக்கு முதற்படி இரத்தம்தான். விரல் பரிசோதனை மட்டும் வைத்து ஆரம்பப் புற்றுநோயைத் தேடினால் நிறையத் தவறிப்போகும் என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. பிஎஸ்ஏ கூடினாலோ சலக் குறைபாடு இருந்தாலோதான் அது தேவைப்படும்.

தேவைப்பட்டால் நடப்பது இதுதான். இடப்பக்கம் சரிந்து, முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கிப் படுக்க வேண்டும். கையுறையும் வழுக்கும் ஜெல்லும் போட்டு ஒரு விரல். ஒரு நிமிடம்கூட ஆகாது. சலம் வருவது போல ஓர் உணர்வு இருக்கும், நோ இராது. மூச்சை வாயால் மெல்ல விட்டால் தசை தளரும். கையை மெல்லப் பொத்தும்போது பெருவிரலின் அடித்தசை எப்படி இருக்குமோ சுகமான புரொஸ்டேட் அப்படி இருக்கும், கட்டி இருந்தால் விரல் முட்டி போலக் கல்லாகத் தட்டுப்படும். ஆண் வைத்தியர்தான் பார்க்க வேண்டுமென்று கேட்பது உங்கள் உரிமை. திரை போடச் சொல்லியும் கேட்கலாம். வெட்கப்படுவது குற்றமில்லை. அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அவரும் ஆறுதலாகச் செய்வார்.

புரொஸ்டேட் வீக்கத்துக்கு ஒரு வருடமாக பினாஸ்ரரைட் 5 மில்லிகிராம் எடுக்கிறேன். தொடங்க முதல் பிஎஸ்ஏ 4.2, இப்போது 3.1. துண்டில் ‘நோர்மல்’ என்று போட்டிருக்கிறது. ஸ்கானில் சுரப்பி 62 மில்லிலீற்றர். இனிப் பயமில்லைத்தானே? வயது 66.
— சாவகச்சேரி

துண்டில் உள்ள ‘நோர்மல்’ உங்களுக்குப் பொருந்தாது. தயவுசெய்து இந்தப் பதிலைக் கவனமாக வாசியுங்கள். பினாஸ்ரரைட்டும் அதன் இனமான டூற்றாஸ்ரரைட்டும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பிஎஸ்ஏயை ஏறக்குறைய பாதியாக இறக்கும். 4.2 இருந்தவருக்கு இப்போது 2.1 அளவில் இருக்க வேண்டும். 3.1ஐ இரண்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 6.2. அதாவது இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. ஆய்வுகூடத்துக்கு நீங்கள் எடுக்கும் குளிசை தெரியாது, அது பொது அட்டவணையைப் பார்த்து எழுதுகிறது.

ஆறுதலான ஒரு கணக்கும் உண்டு. 6.2ஐச் சுரப்பியின் கனவளவு 62ஆல் பிரித்தால் 0.10. இதை பிஎஸ்ஏ அடர்த்தி என்பார்கள், 0.15க்கு மேலே போனால்தான் சந்தேகம் கூடும். பெரிய சுரப்பி கூடச் சுரக்கும் என்பதே காரணம். ஆனாலும் இந்தக் குளிசை எடுக்கும்போது இலக்கம் எதிர்பார்த்த அளவு இறங்காததைச் சும்மா விடக்கூடாது. குளிசையை ஒழுங்காக எடுத்தீர்களா என்று முதலில் யோசியுங்கள். இடையிடையே விட்டிருந்தால் அதுவே காரணமாகலாம். பிறகு மீண்டும் ஒருமுறை இரத்தம் கொடுத்து, இரண்டு துண்டையும் ஸ்கானையும் கொண்டு சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணரிடம் போங்கள். எம்ஆர்ஐ தேவையா என்று அவர் சொல்வார். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வயிற்று ஸ்கானில் ‘கட்டி தெரியவில்லை’ என்று எழுதியிருப்பதையும் சாட்சியாக எடுக்காதீர்கள். அது சுரப்பியின் அளவையும் மீதிச் சலத்தையும் காட்டும், ஆரம்பப் புற்றுநோயைக் காட்டாது.

பயொப்சி எடுத்தால், ஊசி பட்ட இடத்திலிருந்து புற்றுநோய் பரவிவிடும் என்கிறார்களே?
— சுன்னாகம்

இந்தப் பேச்சு எத்தனையோ பேரை வீட்டில் இருத்திவிட்டது. புரொஸ்டேட்டில் ஊசிப் பாதையால் நோய் பரவுவது மிக மிக அரிது. பயொப்சிக்குப் பிறகு உடல் மோசமானவர்களுக்கு நோய் ஏற்கெனவே பரவியிருந்தது, அது அப்போதுதான் தெரியவந்தது.

உண்மையான ஆபத்து கிருமித் தொற்று. மலவாசல் வழியாக எடுக்கும் முறையில் அது கூடுதல், விதைப்பைக்கும் மலவாசலுக்கும் இடையிலுள்ள தோலால் எடுக்கும் முறையில் குறைவு. எந்த முறை என்று கேளுங்கள். வழமையாகப் பத்துப் பன்னிரண்டு மெல்லிய துண்டுகள் எடுப்பார்கள், எம்ஆர்ஐயில் சந்தேக இடம் தெரிந்திருந்தால் அங்கே மேலதிகமாக. வார்பரின், குளோபிடோகிறல் போன்ற இரத்தம் உறையாத மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சலத்தில் சில நாள், விந்தில் சில கிழமை இரத்தம் தெரிவது வழமை. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் மட்டும் பரசிற்றமோல் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றிரவே ஆஸ்பத்திரி.

அப்பாவுக்கு 64. பயொப்சியில் கிளீசன் 6 புற்றுநோய் என்று வந்தது. டொக்டரோ ஒப்பரேஷன் வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம் என்கிறார். அலட்சியமா?
— நல்லூர்

இல்லை. கிளீசன் என்பது புற்றுநோய்க் கலங்களின் வீரியத்தைக் காட்டும் அளவுகோல். 6 அதன் அடிமட்டம், மெதுவாக வளர்வது, பரவுவது மிக அரிது. பிரித்தானியாவில் 1,643 ஆண்களை மூன்று குழுவாக்கி, கண்காணிப்பு, சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை என்று பிரித்துப் பார்த்தார்கள். பதினைந்து வருட முடிவு 2023இல் வந்தது. எந்தக் குழுவிலும் இந்த நோயால் இறக்காதவர்கள் ஏறக்குறைய 97 வீதம். ஒப்பரேஷன் செய்தவர்களுக்குச் சலம் கசிதலும் ஆண்மைக் குறைவும் கூடுதலாக இருந்தன.

ஆனால் ‘பார்த்துக்கொண்டிருத்தல்’ என்பது கிளினிக்கை மறப்பதல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பிஎஸ்ஏ, ஒரு வருடமளவில் மீண்டும் எம்ஆர்ஐ அல்லது பயொப்சி. திகதியைத் தவறவிட்டால் இந்த வழி பாதுகாப்பானதல்ல.

அப்பாவுக்கு 74. நாரி நோவென்று எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இப்போது பிஎஸ்ஏ 180, எலும்பில் பரவிவிட்டதாம். விதையை எடுக்கலாம் அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடலாம் என்கிறார்கள். அப்பா ‘விதையை எடுத்தால் நான் ஆம்பிளையோ’ என்று அழுகிறார். எதைத் தெரிவது?
— அச்சுவேலி

அவருடைய அழுகையை அவசரப்பட்டு அடக்காதீர்கள். அது பெரிய இழப்புத்தான்.

இரண்டு வழியும் செய்வது ஒன்றையே. விதையில் சுரக்கும் ரெஸ்ரொஸ்ரிரோன் இந்தப் புற்றுநோய்க்கு உணவு. 1941இல் வைத்தியர் சார்ள்ஸ் ஹகின்ஸ் அதைக் காட்டினார், 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உணவை நிறுத்தினால் நோய் ஒடுங்கும், எலும்பு நோவும் பலருக்குச் சில நாள், கிழமைகளில் தணியும். ஆசை குறைதல், உடல் சூடேறி வியர்த்தல், எலும்பு தேய்தல், நிறை கூடுதல், சீனி ஏறுதல் எல்லாம் இரண்டு வழியிலும் வரும். ஊசியால் ஆண்மை தப்பும் என்று நினைத்து அதைத் தெரிந்தால் பிறகு ஏமாற்றம்.

வித்தியாசம் வேறு இடத்தில். விதை எடுப்பது ஒருமுறை செய்யும் சிறிய ஒப்பரேஷன். ஒரு நாளுக்குள் ஹோர்மோன் இறங்கும், திரும்பத் திரும்ப அலைச்சல் இல்லை. விதைப்பை அப்படியே இருக்கும். உள்ளே உள்ள இழையத்தை மட்டும் எடுத்து உறையை விடும் முறையும் உண்டு, அதில் தொட்டால் வெறுமையாகத் தெரியாது. இதை அப்பாவுக்குச் சொல்லுங்கள், சிலருக்கு மனம் ஆறும். ஊசியை வேண்டுமானால் நிறுத்தலாம். ஆனால் திகதி தவறக்கூடாது, மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இரண்டு கிழமைக்கு முதலே கேட்க வேண்டும். வழமையான ஊசிகள் முதல் ஒன்றிரண்டு கிழமை ஹோர்மோனை ஏற்றிப் பிறகே இறக்கும். அந்த நேரம் நோ கூடலாம். அதைத் தடுக்க பைகலூற்றமைட் போன்ற குளிசையைச் சேர்த்துத் தருவார்கள். தரவில்லையென்றால் கேளுங்கள். முள்ளந்தண்டில் நோய் இருப்பவருக்கு உடனடியாக இறக்குவதே பாதுகாப்பு என்பதால், உங்கள் அப்பாவுக்கு ஒப்பரேஷனை வைத்தியர் வலியுறுத்தினால் காரணம் அதுதான். அபிரறரோன் போன்ற குளிசைகளைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் ஆயுள் கூடும் என்று நிரூபணமாகியிருக்கிறது. அப்பாவின் உடல்நிலைக்கு அது பொருந்துமா என்று தெல்லிப்பழை புற்றுநோய்க் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். கால் விறைத்தாலோ, நடை தளர்ந்தாலோ, சலமோ மலமோ தன்பாட்டில் போனாலோ அல்லது நின்றாலோ, முள்ளந்தண்டு நரம்பு நெரிபடுகிறது. அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருந்தால் கால் திரும்பி வராது. அந்த மணித்தியாலமே கொண்டுபோங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் புரொஸ்டேட்டுக்கு நல்லதென்று விற்றமின் ஈ, செலினியம் போத்தல்கள் தந்தார். நெருஞ்சிமுள் அவித்தும் குடிக்கிறேன்.
— வட்டுக்கோட்டை

விற்றமின் ஈயை நிறுத்திவிடுங்கள். 35,000 பேருக்கு மேல் நடத்திய அமெரிக்க ஆய்வில் தினமும் 400 அலகு விற்றமின் ஈ எடுத்தவர்களுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் 17 வீதம் கூடியது, 2011இல் வெளிவந்த முடிவு. செலினியம் ஒரு பயனும் தரவில்லை. நெருஞ்சில் எங்கள் வைத்திய மரபில் சலக் கடுப்புக்குக் கொடுப்பது. புற்றுநோயைக் கரைக்கும் என்பதற்குச் சான்றில்லை. குடிக்கிறதென்றால் வைத்தியரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

எனக்கு 79. மகன் முழு உடற் பரிசோதனைக்குக் காசு கட்டியிருக்கிறார், அதில் பிஎஸ்ஏயும் உண்டு.
— உரும்பிராய்

சலக் குறையோ எலும்பு நோவோ இல்லையென்றால் அந்த ஒன்றை வெட்டிவிடச் சொல்லுங்கள். இந்த வயதில் மெதுவாக வளரும் ஒரு நோயைத் தேடிப் பிடிப்பதால் வரும் அலைச்சலே கூடுதல்.

பெண்களுக்கு எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் பாப் பரிசோதனை செய்கிறார்கள். ஆண்களுக்கு ஏன் இப்படி ஒன்றில்லை? நான் முதலில் எங்கே போவது?
— சண்டிலிப்பாய், வயது 55

பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்தில் புற்றுநோயாக மாற முதலே கலங்களைப் பிடிக்கிறது. பிஎஸ்ஏ அப்படியல்ல. தேவையில்லாத சிகிச்சைக்கும் கொண்டுபோகும் என்பதால் இலங்கையில் எல்லா ஆண்களையும் அழைக்கும் தேசியத் திட்டம் இல்லை. அதற்காக ஆண்களுக்கு ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அரச வைத்தியசாலைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் சீனி, பிரஷர், நிறை, வாய் எல்லாம் பார்க்கிறார்கள். அங்கேயும் பெண்கள்தான் கூடுதலாகப் போகிறார்கள். இலங்கை ஆண்களுக்கு முதலிடத்தில் வருவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை போடுகிறவரென்றால் புரொஸ்டேட்டுக்கு முதல் வாயைக் காட்டுங்கள்.

புரொஸ்டேட்டுக்கு, அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ உங்கள் குடும்ப வைத்தியரிடமோ தொடங்கலாம். தேவையென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். எடுக்கும் குளிசைகளை உறையோடு, பழைய இரத்தத் துண்டுகள், குடும்பத்தில் யாருக்கு என்ன புற்றுநோய் எத்தனை வயதில் என்று எழுதிய ஒரு தாள், இவற்றைக் கொண்டுபோங்கள். ஸ்கான் எடுக்கச் சொல்லக்கூடும் என்பதால் சலத்தை அடக்கிக்கொண்டு போவது நல்லது.